அசையாதே என்று சொல்லி எடுத்த படம்

எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. அந்தப் படத்தில் வேண்டாததை நீக்குவது என் வேலை. டச்சிங் என்று அதற்குப் பெயர். மூணாறு கடைத்தெருவில் மாடிப்படி ஏறியதும் எங்கள் இடம். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை. அதன் நடுவில் சதுரமாக வெட்டிய துளையில் நெகட்டிவைப் பொருத்தி, கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தை மேலே திருப்பிக்கொள்வேன். ஊசிபோலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பு, ஒட்டிய கன்னம் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக நிரப்புவேன். கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியிலிருந்து மலையேறி வந்த புதிதில் அவர்தான் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே அவரைவிட எனக்குக் கை நன்றாக வந்துவிட்டது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கஷ்டமான முகமாக இருந்தால் மட்டும் சத்தமில்லாமல் என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்கார துரைகள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வந்தபோதே எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மலைக்கு வந்த பிறகுதான், தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் பங்களா, நாய், டென்னிஸ் எல்லாவற்றோடும் அப்படியே இருந்தது தெரிந்தது. இப்போது வடக்கத்தி மேனேஜர்களும் மலையாளி மேனேஜர்களும் வந்து அதே பங்களாக்களில் குடியேறினார்கள். லயத்து ஆட்கள், அதாவது வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகள், அவர்களையும் துரை என்றே கூப்பிட்டார்கள். கறுப்பு துரை, சிவப்பு துரை என்று வேறுபடுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை லயங்களிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். ஸ்டுடியோவில் ஒரு கோட்டு உண்டு. ஓடாத கைக்கடிகாரம் ஒன்று உண்டு. மதுரையில் எழுதி வாங்கிய திரை ஒன்று பின்னால் தொங்கும். அரண்மனைப் படிக்கட்டு, அதன் ஓரம் குளம், குளத்தில் இரண்டு அன்னம். மூணாற்று ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து ஓர் அன்னத்துக்குத் தலை போய்விட்டது. படம் எடுக்க வருகிறவர்களில் அகலமான ஆள் யாரோ அவரை அந்த அன்னத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார் என் வீட்டுக்காரர். வந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: தோட்டத்து ஆள் என்று தெரியக் கூடாது. அதைச் செய்வது என் பொறுப்பு. கூடைக் கயிறு உராய்ந்து பெண்களுக்கு உச்சியில் முடி கொட்டிப்போயிருக்கும். பிரிண்டில் தூரிகையால் கறுப்பு வைத்து அங்கே முடி வளர்ப்பேன். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை வெளுப்பாக்குவேன். எத்தனை பேருக்குத் தலையில் முடி வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

எனக்குச் சில சமயம் எரிச்சல் வரும். மலை முழுக்க இவர்கள் கையால் நட்டு, இவர்கள் கையால் பறிப்பது. அதைக் காட்ட என்ன வெட்கம்? பிறகு நானே அடங்கிவிடுவேன். என் கதை மட்டும் என்ன வாழ்ந்தது! எலப்புள்ளியில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினால் மலையாளத்துப் பொண்ணு. பாலக்காட்டில் ஆபீசு வாசலில் நின்றால் ‘பாண்டி’, தமிழச்சி என்று இளக்காரம். மூணாற்றுக்கு வந்தால் என் ‘ஏனுங்க’வைக் கேட்டு லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் பேச்சு திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அந்த ஊர்களை அவர்களில் பாதிப் பேர் கண்ணால் கண்டதில்லை. இடுக்கி என்று புது ஜில்லா வந்தபோது என் வீட்டுக்காரர் போர்டை இறக்கி வைத்துக்கொண்டு, எந்த எழுத்தை மேலே எழுதுவது என்று ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் மலையாளம் மேலே, தமிழ் கீழே, இங்கிலீஷ் ஓரத்தில் என்று எழுதினார். அதற்குமுன் அந்த ஓரத்து எழுத்துதான் போர்டு முழுக்க இருந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கீழ் லயத்தில் இருந்தாள், கொழுந்து பறிக்கிறவள். நாற்பது வயதைத் தொட்டிருப்பாள். புருஷன் சில வருஷங்களுக்கு முன் இறந்துவிட்டான். மகளுக்குப் போடியில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க மகளைப் படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் மகளைக் கீழே கடையில் வளையல் பார்க்க அனுப்பிவிட்டு, அவள் மட்டும் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள். கூட்டமாக நிற்கிற படத்திலிருந்து ஒரே ஓர் ஆளை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அதுதான் என் தொழிலே என்றேன்.

அவள் சொன்னது இது. அவளுடைய அம்மா, அவளுக்கு நினைவு தெரியும் முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டாள். வளர்த்தது அத்தை. அம்மா முகம் அவளுக்குத் தெரியாது. படமும் கிடையாது. அவர்கள் வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் புடவையை இறந்தவர்களுக்கு வைத்துக் கும்பிடுவார்கள். மற்ற வீடுகளில் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். இவள் ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலை போட்டு, அதன் முன்னால் வைப்பாள். அவள் கல்யாணத்துக்கும் செம்புதான். மகள் சடங்குக்கும் செம்புதான்.

“எம் மக கல்யாணத்துக்காவது எங்கம்ம மொகத்தப் பாத்துக் கும்பிடணும் தாயி. செம்பக் கும்பிட்டுக் கும்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு” என்றாள்.

உள்ளே பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, எளிதான வழி ஒன்று இருக்கிறதே என்றார். படம் இல்லாத குடும்பங்களுக்கு நாங்கள் செய்வதுதான். இறந்தவரின் மகளையே பழைய மோஸ்தரில் புடவை கட்டி உட்கார வைத்து எடுத்து, டச்சிங்கில் ஜாடையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்துவிடுவோம். அந்த அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, என் மூஞ்சியை நானே எப்படி அண்ணாச்சி கும்பிடுவது, கண்ணாடியைக் கும்பிட்ட மாதிரி இருக்காதா என்றாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

படம் ஒன்று இருந்தது. எஸ்டேட் ஆபீசு வராந்தாவில், சட்டம் போட்டு மாட்டிய பெரிய குரூப் படம். வெள்ளைக்காரர் காலத்தில் பங்களாப் புல்வெளியில் வைத்து எடுத்தது. இவள் அப்போது கைக்குழந்தை. அத்தை அந்த நாளைப் பற்றி அடிக்கடி சொல்வாளாம். படம் எடுக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரும் அசையக் கூடாது என்றாராம். கங்காணியும் அசையாதே, அசையாதே என்று அதட்டிக்கொண்டே இருந்தானாம். பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்த கொட்டகையில் இவள் அந்த நேரம் பார்த்து அழுதாளாம். அம்மா திரும்பிவிட்டாள். படம் முடிந்ததும் கங்காணி நாக்கூசாமல் ஏசினானாம். அம்மாவைப் பற்றி இவளுக்கு என்று இருந்தது இந்த ஒரு கதைதான். சம்பள நாளில் ஆபீசு முற்றத்தில் வரிசையில் நிற்கும்போது அண்ணாந்து அந்தப் படத்தைப் பார்ப்பாளாம். தொழிலாளிகள் வராந்தாப் படி ஏறக் கூடாது. முற்றத்திலிருந்து பார்த்தால் துரையின் வெள்ளைத் தொப்பி மட்டும்தான் தெரியும்.

இப்போது புது மேனேஜர் ஆபீசுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தார். பழைய படங்கள் எல்லாம் இறங்கி ஸ்டோருக்குப் போகப்போகின்றன. அங்கே போனால் எலிக்குத்தான். அதனால்தான் அவளுக்கு அந்த அவசரம்.

மறுநாளே நான் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஹெட் கிளார்க் பாலக்காட்டுக்காரர், கல்பாத்தி அக்ரஹாரம். நான் எலப்புள்ளி என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் இருந்திருந்தால் அவர் தெருவுக்குள் நான் கால் வைக்க ஒரு காரணமும் இருந்திருக்காது. அவர் பேசும் தமிழும் நான் பேசும் தமிழும் ஒரே ஜில்லாத் தமிழ் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மலைமேல் வந்த பிறகு இரண்டு பேரும் பாலக்காட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம். எனக்கு நாற்காலி போடச் சொல்லி, காப்பியும் வரவழைத்தார்.

படத்தை இறக்கித் துடைத்து மேஜைமேல் வைத்தார். அடியில் வெள்ளை மையால் இங்கிலீஷில் வரிசையாகப் பெயர்கள் எழுதியிருந்தன. அவர் விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“துரை, துரைசாணி, கிளார்க்மார் எல்லாருக்கும் பேரிருக்கு. காலடியிலே படுத்துண்டிருக்கே, அந்த நாய்க்கும் பேரிருக்கு. பின்னாடி நிக்கறவாளுக்கு மாத்திரம் இல்லை, பாத்தேளா” என்றார்.

பிறகு, வெள்ளையடித்து முடிவதற்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லி, பழைய வேட்டி ஒன்றில் சுற்றிக் கொடுத்தார்.

ஸ்டுடியோவுக்கு வந்து சட்டத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவில் நாற்காலிகள். அவற்றுக்குப் பின்னால் கங்காணிகள். அவர்களுக்கும் பின்னால், சரிவில், தலையில் வெள்ளைத் துணி கட்டிய பெண்கள். வெயிலுக்கு எல்லாரும் ஒரே மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். இடது ஓரத்தில் ஒருத்தி மட்டும் முகத்தைப் பாதி திருப்பியிருந்தாள். அந்த அசைவில் மூக்கும் வாயும் லேசாகக் கலங்கியிருந்தன. ஒரு கண் நன்றாகவே விழுந்திருந்தது. அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூதக்கண்ணாடியை அந்தக் கண்ணின் மேல் வைத்துப் பார்த்தாள். போகும்போது என் கன்னத்தைத் தொட்டு விரல்களை முத்தமிட்டுக்கொண்டாள். எனக்கும் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அந்தச் சந்தோஷம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைதான். மேல் லயத்திலிருந்து இன்னொருத்தி வந்தாள். அந்த அக்காவைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறிக்கிறவர்கள், ஒரே பாத்திரத்தில் கஞ்சி குடிக்கிறவர்கள். ஆபீசுப் படம் ஸ்டுடியோவில் இருக்கிறதாமே என்று கேட்டாள். அவளுடைய அம்மாவும் சின்ன வயதிலேயே போனவள்தான். அந்தப் படத்தில் அவள் இருக்கிறாளாம். எந்த இடத்தில் என்று கேட்டேன். படம் எடுக்கும்போது கொட்டகையில் நான் அழுதேன், அம்மா திரும்பிவிட்டாள், கங்காணி ஏசினான் என்றாள்.

அதே கதை. நான் அவளிடம் படத்தைக் காட்டினேன். அவள் நேராக இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

யாரைக் கேட்பது? அந்த அத்தை இல்லை, கங்காணி இல்லை. பெயர் எழுதியவர் இவர்களை எழுதவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் சொல்வார்கள் என்று விசாரித்தோம். தோட்டத்தில் வயதானால் பென்ஷன் கொடுத்து லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அவர்களும் சொந்த ஊர் என்று பெயரளவில் தெரிந்த ஏதோ ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வயதானவர்களே இல்லாத ஊர் அது. முகங்களைப் பார்த்து இது இன்னார் என்று சொல்ல மலைமேல் ஒருவர்கூட மிச்சமில்லை.

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. கஞ்சியைத் தனித்தனியாகக் குடித்தார்கள். பக்கத்து நிரையில் பறித்தவர்கள் நடுவில் ஓர் ஆளை விட்டுப் பறித்தார்கள். இதை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டது அந்த அக்காவின் மகள். என் கல்யாணத்துக்கு அந்தப் பெரியம்மா வராமல் எப்படி என்று அழுதாள். மேல் லயத்துக்காரிதான் அவளைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவளாம்.

என் வீட்டுக்காரருக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. இரண்டு பிரிண்ட் போடு, ஆளுக்கு ஒன்று கொடு என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்து லயம். ஒருத்தி கும்பிடும் முகத்தையே இன்னொருத்தியும் கும்பிடுவாள். இரண்டில் ஒன்று பொய் என்று இருவருக்கும் தெரிந்தே கும்பிட வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதால் முதலில் வேலையை முடிப்போம் என்று அதைக் காப்பி எடுத்தோம். இடது ஓரத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு நெகட்டிவ் செய்து கொடுத்தார். கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிரிக்க ஒரு வழி உண்டு. முகத்தைச் சுற்றியுள்ளதை எல்லாம் நெகட்டிவில் செக்கச்செவேலென்று ஒரு சாயம் பூசி அடைத்துவிட வேண்டும். பூசிய இடத்தில் வெளிச்சம் போகாது. பிரிண்டில் அங்கே வெறும் வெள்ளைதான் விழும். பக்கத்தில் நின்றவர் தோள், பின்னால் நின்றவர் கை, மரம், மலை எல்லாம் போய்விடும். அந்த ஒருவர் மட்டும் பிறந்ததிலிருந்தே தனியாக இருந்தவர்போல ஆகிவிடுவார்.

காலை வெளிச்சத்தில் சாயத்தைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோளைச் சுற்றி அடைத்துவிட்டு மேலே வந்தேன். அந்தப் பாதி முகத்துக்குப் பின்னால், சற்று மேலே, உருண்டையாக ஒன்று இருந்தது. பெரிய படத்தில் பார்த்தபோது அதைக் கூடை என்று நினைத்திருந்தேன். இல்லாவிட்டால் ஈரம் பட்ட கறை. தூரிகையை அதன்மேல் வைக்கப் போனவள், வழக்கமாகப் பார்ப்பதுபோல ஒரு தடவை பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத்தான் தெரியும். அந்தக் கறுப்பு உருண்டையில் ஒரு முடிச்சு இருந்தது. தலைத்துணியைப் பிடரியில் கட்டுகிற முடிச்சு. அதற்குக் கீழே சின்னதாக ஒரு கொண்டை. ஓரத்தில் காதின் வளைவு.

கூடை இல்லை. கறையும் இல்லை. ஒருத்தியின் பின்தலை. அவள் பாதி திரும்பவில்லை. முழுக்கத் திரும்பி, காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு கதையும் நிஜம். கொட்டகையில் ஒரு பிள்ளை அழுதால் பக்கத்துப் பிள்ளையும் அழும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இரண்டு அம்மாக்கள் திரும்பியிருக்கிறார்கள். கங்காணி இரண்டு பேரையும் ஏசியிருக்கிறான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இதுவரை ஒரு முகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். இனிமேல் ஒருத்திக்கு முகம் கிடைக்கும், இன்னொருத்திக்குப் பிடரிதான். யாருக்கு எது என்று நானா சொல்வது?

என் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார்.

“அத அடைச்சிரு. அது யாருன்னு யாரு கேக்கப்போறா? ரெண்டு பேருக்கும் இந்த மொகத்தக் குடு. வம்பு தீந்துச்சு” என்றார்.

“ஏனுங்க, அந்தம்மா பாவம் ஒருக்கா திரும்புனதுக்குக் கங்காணிகிட்டப் பேச்சு வாங்கியாச்சு. இப்ப நான் வேற அழிச்சுப்போட்டா நல்லாவா இருக்குது?” என்றேன்.

நான் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அவர் இருட்டறைக்குள் போய்விட்டார். அன்று சாயங்காலமே அந்த நெகட்டிவில் பூசிய சாயத்தை எல்லாம் ஈரப் பஞ்சால் துடைத்து, இருந்தது இருந்தபடியே ஒரு பெரிய பிரிண்ட் போடச் சொன்னேன். போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வரச் சொன்னேன். ஒரே பெஞ்சில் ஆளுக்கு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். பிரிண்டை அவர்கள் முன்னால் வைத்து, நான் கண்டதைச் சொன்னேன். பாதி திரும்பியவளையும் காட்டினேன், முழுக்கத் திரும்பியவளையும் காட்டினேன். யார் யாருடைய அம்மா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றேன். தெருவில் வட்டவடை ஜீப்புக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

மேல் லயத்துக்காரி முதலில் பேசினாள். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இருக்கிறாய், முகத்தை நீயே எடுத்துக்கொள் என்றாள். சொன்னாளே தவிர, அவள் விரல் அந்தப் பாதி முகத்தின் ஓரத்தை விடவில்லை. அது எனக்கும் தெரிந்தது, அந்த அக்காவுக்கும் தெரிந்தது.

அந்த அக்கா பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள். முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணாடியை நகர்த்திப் பின்தலையின் மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முடிச்சை, கொண்டையை, காதை.

“இவ பாதிதான் திரும்பியிருக்கா, யக்கா. துரை மேலயும் பயம், பிள்ள மேலயும் நெனப்பு. இவளப் பாரு. துரையாவது மயிராவதுன்னு முழுசாத் திரும்பிட்டா” என்றாள். கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள். “எங்கம்ம இவதான்.”

“முகம் இல்லீங்களேக்கா” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

“என்னையப் பாத்துக்கிட்டு இருக்கா. அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேல் லயத்துக்காரி பெஞ்சில் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். டச்சிங் பென்சிலை எடுத்துச் சீவுகிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் உண்மையாகவே அப்படித்தான் நம்பினாளா, இல்லை கூட்டாளிக்கு முகத்தை விட்டுக்கொடுத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செம்பைக் கும்பிட்டு அலுத்துப்போச்சு என்று சொன்னவள் அவள்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பிரித்துப் பெரிதாக்கினோம். இந்தத் தடவை சுற்றிலும் அடைக்க வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். அதனால் ஒன்றில் அடுத்தவளின் தோள் தெரியும். இன்னொன்றில் சரிவும் கொட்டகைக் கூரையின் ஒரு மூலையும் தெரியும். பெரிய படத்தைச் சட்டத்தில் போட்டு, அதே வேட்டியில் சுற்றி ஹெட் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை ஸ்டோருக்கு அனுப்பவில்லை, தம் மேஜைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

தை மாதம் கல்யாணம். படம் எடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே பந்தலையும் மாப்பிள்ளை வீட்டாரையும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். பெண்களோடு வீட்டுக்குள் இருந்து எடுக்கும்படி சின்னக் காமிராவை என்னிடம் கொடுத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் நானும் படம் எடுக்கத் தொடங்கியிருந்தேன். லயத்து வீடு என்றால் முன்னறை ஒன்று, அடுப்பறை ஒன்று. முன்னறைச் சுவரில் சாமிப் படங்கள், தலைவர்கள் படம் போட்ட காலண்டர். அவற்றுக்கு நடுவில் புதுச் சட்டத்தில் அந்தப் பின்தலை, மாலையோடு தொங்கியது.

போடியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, இது யாரு என்று கேட்டாள். எங்கம்ம என்றாள் அந்த அக்கா. சம்பந்தியம்மா படத்தையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். பிள்ளை அழுதது, திரும்பிட்டா என்றாள் அந்த அக்கா. சம்பந்தியம்மா படத்துக்குப் பக்கத்தில் போனாள். நானும் நாலு பெற்றவள்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டாள்.

பெண்ணைப் பந்தலுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் மேல் லயத்துக்காரி வந்தாள். கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் பழம், பூவோடு அவள் வீட்டுப் படமும் இருந்தது. அவளும் வரட்டும் என்றாள். இரண்டு படத்தையும் விளக்குக்கு முன்னால், பலகைமேல், அன்றைக்குப் புல்வெளியில் நின்ற வரிசையிலேயே வைத்தார்கள். புதுப்புடவையை அவற்றின் முன்னால் வைத்தார்கள். செம்பும் இருந்தது. பழகிப்போனதை விட மனசு வரவில்லை என்று அந்த அக்கா சொன்னாள்.

மேல் லயத்துக்காரி குங்குமத்தைத் தொட்டு, அந்தப் பாதி முகத்தின் நெற்றியில் வைத்தாள். அடுத்துக் கல்யாணப்பெண் சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு இன்னொரு படத்துக்கு முன்னால் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். தலைத்துணி, முடிச்சு, கொண்டை. அதில் எங்கே வைப்பது? விரலை நீட்டியபடி, “பொட்டு எங்கம்மா வைக்க?” என்று கேட்டாள்.

அந்த அக்கா மாலையைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். படத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். ஒரு குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பதுபோல மெதுவாகத் திருப்பினாள். பின்னட்டையைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமிருந்தால் நெற்றி எங்கே வரும் என்று கண்ணால் அளந்து பார்த்து, அந்த வெறும் அட்டையில் மகள் விரலைப் பிடித்துப் பொட்டு வைத்தாள். பிறகு பழையபடி திருப்பிப் பலகைமேல் வைத்து மாலையைப் போட்டாள்.

நான் அப்போது எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று பெண்கள் குனிந்து கும்பிடுவது அதில் தெரியும். கறை ஏறிய விரல்கள் தெரியும். அந்த அக்காவின் உச்சியில் முடி கொட்டிய இடமும் தெரியும். நான் எதையும் தொடவில்லை. அந்தப் பொட்டு மட்டும் தெரியாது. அது அவளுடைய அம்மா முகம் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது.